ஈசானிய மூலையில் ஒரு மீன்தொட்டி

என் மகனுக்கு முப்பத்திரண்டு முடிந்தும் வரன் அமையவில்லை. அதற்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், என் கணவர் கூட்டி வந்த வாஸ்துக்காரரைத்தான் கேட்க வேண்டும். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஈசானிய மூலைல தண்ணி நிக்கணும், நல்லா பெருசா நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே மீன் வளர்க்க ஆசை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அந்த வாரமே வடபழனிப் பக்கம் ஒரு கடையில் ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்துக்குத் தொட்டி சொல்லிவிட்டு வந்தார்.

மயிலாப்பூரில் நாங்கள் இருப்பது நாலே வீடு உள்ள பழைய கட்டடம். நாங்கள் மாடியில். எங்கள் ஈசானிய மூலை ஒரு காலத்தில் பால்கனி. ஹால் போதவில்லை என்று இடைச்சுவரை எடுத்து, பால்கனிக்கு ஜன்னல் வைத்து உள்ளே சேர்த்துக்கொண்டோம். அப்போதே கீழ்வீட்டுப் பாட்டு மாமி படியேறி வந்து, "அதுக்குக் கீழ தூணே கிடையாது டீச்சர், தொங்கிண்டிருக்கு. நேர் கீழ கொழந்தைகள் ஒக்காந்து பாடறது" என்றார். "எங்க வீடு, எங்க இஷ்டம் மாமி" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இருபத்தெட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்ததில், மற்றவர்களைத் திருத்திப் பழக்கமே தவிர, யாராவது திருத்தினால் கேட்டுப் பழக்கமில்லை.

ஒரு சனிக்கிழமை தொட்டி வந்தது. ஹோஸ் போட்டு நிரப்பிய கடை ஆளிடம், "இது தாங்குமாப்பா?" என்று கேட்டேன்.

"இன்னா மேடம், இதுக்குப் போய் பயந்துக்கினு கீறீங்க? யானையே நிக்கும்."

அவர் கிளம்பியபோது மணி நாலு. அப்புறம்தான் கவனித்தேன். தண்ணீர் தெருப்பக்கம் விளிம்பை ஒட்டி ஏறியிருந்தது. ஹால் பக்கம் இறங்கியிருந்தது. தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும். சாய்ந்திருப்பது தொட்டி. தொட்டி சாய்ந்தால் தரை சாய்ந்திருக்கிறது.

"பால்கனிதானே, மழைத்தண்ணி வடிய வாட்டம் விட்டிருப்பாங்க" என்றார் கணவர். நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் பக்கவாட்டுக் கண்ணாடியில், தெருப்பக்க ஓரமாக, நீர்மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அருகில் 4.10 என்று எழுதினேன். கட்டும்போது விட்ட வாட்டமாக இருந்தால் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நிற்கும்.

நிற்கவில்லை. இருபது நிமிஷத்தில் கோட்டுக்கு மேலே ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், ஏறியிருந்தது. இன்னொரு கோடு போட்டு 4.30 என்று எழுதினேன். பழைய சுவர் இருந்த இடத்தில், டைல்ஸ் இணைப்பில், காலையில் இல்லாத ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

ட்யூபைப் போட்டுத் தண்ணீரைப் பாத்ரூமுக்கு இழுத்தோம். பன்னிரண்டு லிட்டர் வாளி நிறைய ஒன்றரை நிமிஷம் ஆனது. குழாயும் தொட்டியும் நான் பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை கொடுத்த கணக்கு. ஐநூறு லிட்டருக்கு மேல் இருக்கிறது. ஒரு மணி நேரம் போதாது. கீழே பாட்டு வகுப்பு ஐந்து மணிக்கு.

"கீழ போய் சொல்லிடலாங்க."

"சொன்னா ஊரே கூடிடும். பசங்க வர்றதுக்குள்ள பாதி இறங்கிடும். சும்மா இரு."

அவர் சொன்னதற்காக நான் நிற்கவில்லை. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று நிற்கப்போகும் மாமியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. செருப்புகள் கழன்றன. சுருதிப்பெட்டி ஆரம்பித்தது. தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது. பிள்ளைகள் சரளி வரிசை ஒன்றைப் பாடி முடித்தார்கள். இரண்டாவதையும் முடித்தார்கள். நான் ட்யூபைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவதை எடுத்தபோது ஒரு டைல்ஸ் டக்கென்று வெடித்தது. படியில் விழுந்தடித்து ஓடினேன்.

"மாமி, புள்ளைங்கள எழுப்புங்க! அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க!"

மாமி ஒரு தடவை மேலே பார்த்தார். ஆறு பேரையும் எழுப்பிக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்விட்டார். தண்ணீர் பாட்டிலை எடுக்க ஒரு சின்னப் பெண் திரும்பி ஓடி வந்தாள். அவள் கையைப் பிடித்து நான் இழுத்த இழுப்பில் குழந்தை அழுதுவிட்டாள்.

எதுவும் விழவில்லை. மறுநாள் காலை ஒரு இன்ஜினியர் வந்தார். மாமியும் கூட வந்தார். அடியில் தட்டிப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்த இன்ஜினியர், "உள்ள கம்பியெல்லாம் துரு. விழுந்திருக்கும்னும் சொல்ல முடியாது, விழாதுன்னும் சொல்ல முடியாது" என்றார்.

"நீங்க எப்போ பாத்தேள், டீச்சர்?" என்று மாமி கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

"அப்பதான் மாமி. பாத்த உடனே ஓடி வந்தேன்."

மாமி தலையாட்டினார். "நல்ல வேளை, வந்தேள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஜினியர் காலித் தொட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இது யார் எழுதினது? நாலு பத்து, நாலரை. இருபது நிமிஷத்துல தரை ஒரு நூல் இறங்கியிருக்கு. பிரமாதமான வேலைங்க, எங்க ஆளுங்ககூட இப்படிக் குறிச்சு வைக்க மாட்டாங்க."

கரும்பலகையில் எழுதுவது போல அழகாகத்தான் எழுதியிருந்தேன். மாமி கிட்டே போய் அதைப் படித்தார். என் கையை எப்போது விட்டார் என்று தெரியவில்லை.

"நான் அஞ்சு மணிக்குன்னா பாட்டை ஆரம்பிச்சேன்" என்றார்.