குதிரைச் சளிக்கு ஒரு குற்றவாளி

நான் வேலை பார்க்கும் லாயத்தில் எனக்கு 'சுகாதார மந்திரி' என்று பட்டப்பெயர். கிண்டலுக்கு வைத்தார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நாலு வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். எனக்கு மூளை அவ்வளவுதான்.

குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. பதினாலு குதிரைகள், நான் மேற்பார்வையாளன். குதிரைச் சளி பரவ ஒரே துணியால் இரண்டு மூக்கைத் துடைத்தாலே போதும் என்று எங்கள் மருத்துவரம்மா ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். அன்றே எனக்குப் பித்து தலைக்கேறியது. வாசலில் கிருமிநாசினி கலந்த தொட்டி வைத்தேன். முதலாளியே ஆனாலும் செருப்பை அதில் முக்காமல் உள்ளே வர முடியாது. மதியச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியையும் நிறுத்தி, காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன்.

"கல்யாணமாகி இருபது வருஷத்துல என் காலை நீங்க குனிஞ்சு பாக்குறது இதான் முதல் தடவை," என்றாள். சாப்பாட்டைத் தொட்டியோரம் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதோடு விட்டேனா? ஒவ்வொரு குதிரைக்கும் தனி வாளி, தனித் துண்டு, தனி பிரஷ். வாளிகளில் நானே பெயின்ட்டால் எண் எழுதினேன். ஒன்றாம் எண் வாளி இரண்டாம் எண் கொட்டிலுக்குப் போய்விட்டால் அன்று லாயமே அதிரும்படி கத்துவேன். தண்ணீர் ஊற்றும் வேலையை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. குழாயிலிருந்து நீளமான ஹோஸை இழுத்துக்கொண்டு நானேதான் வாளி வாளியாக நிரப்புவேன். தண்ணீர் சளசளவென்று விழுந்தால் குதிரை மிரளும். அதனால் ஹோஸின் முனையை வாளியின் அடிவரை அமுக்கிப் பிடிப்பேன், ஒரு சத்தம் வராது. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பதினைந்தாவதாக ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை வந்தது. புதிதாக வருகிற குதிரையை மூன்று வாரம் ஒதுக்கி வைக்க வேண்டும். தள்ளியிருந்த கொட்டகையில் கட்டினேன். ஆரோக்கியமாகத்தான் தெரிந்தது, நன்றாகத் தின்றது. புதிதாக வந்தவள் பாவம் என்று காலையில் முதல் தண்ணீர் அவளுக்கே ஊற்றினேன்.

பத்தாம் நாள் முதல் கொட்டில் குதிரைக்குக் காய்ச்சல். மூக்கில் மஞ்சளாகச் சளி, தாடைக்கடியில் எலுமிச்சை அளவு கட்டி. இரண்டு நாளில் அடுத்த கொட்டில், அதற்கு மறுநாள் மூன்றாவது. என் லாயத்தில், என் தொட்டியைத் தாண்டி, சளியா?

வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். யார்? யோசிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்களுக்கு லாடம் அடிப்பவன் என் மனைவியின் தம்பி. வேறு ஆறு லாயங்களுக்கும் போகிறவன். வேறு யாராக இருக்க முடியும்? மறுநாள் காலை அவன் பையோடு வந்தபோது வாசலிலேயே மறித்தேன்.

"உள்ள வராதே. ஊர் ஊராப் போய் நோயை அள்ளிட்டு வந்துட்டே."

"மாமா, நான் ஒவ்வொரு இடத்துலயும் எல்லாத்தையும் கழுவிட்டுத்தான் கிளம்புறேன். வேணும்னா பையைத் திறந்து பாருங்க."

"பாக்க ஒண்ணும் இல்ல, போ!"

அத்தனை பேருக்கும் முன்னால் அப்படிச் சொன்னேன். அதுவும் போதாதென்று, பொறுப்புள்ள மனிதன் அல்லவா, அந்த ஆறு லாயங்களுக்கும் போன் போட்டு எச்சரித்தேன். ஆறு பேரும் அன்றே அவனை நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு உஷாராக இருக்கிறேன் பார் என்று எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

மூன்று வாரம் அவன் வீட்டோடு கிடந்தான். என் மனைவி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, தட்டை மட்டும் 'ணங்'கென்று வைத்தாள். கடைசியில் ஒருநாள் வாயைத் திறந்தாள். "அவனுக்குத் தெரிஞ்சது லாடம் அடிக்கிறது ஒண்ணுதாங்க. அந்த வேலையும் போச்சுன்னா அவன் எங்க போவான்?"

"நோய்க்குத் தம்பி, அண்ணன் தெரியாது," என்றேன். அடேயப்பா, என்ன ஒரு வசனம்!

அதற்குள் ஏழு குதிரைகள் படுத்துவிட்டன. மருத்துவரம்மா பட்டியலைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"இதுல நாலு குதிரைக்கு ரெண்டு மாசமா லாடமே அடிக்கலையே. ஆனா நோய் கொட்டில் வரிசைப்படிதான் வந்திருக்கு. ஏங்க, தண்ணி எந்த வரிசையில ஊத்துவீங்க?"

என் கண்டுபிடிப்பைக் காட்ட வாய்ப்புக் கிடைத்துவிட்டது! ஹோஸை இழுத்து, முனையை வாளியின் அடியில் அமுக்கி, சத்தமில்லாமல் நிரப்பிக் காட்டினேன். அதே முனையை அடுத்த வாளியில் அமுக்கினேன். பாராட்டுவார் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"முதல்ல அந்தப் புதுக் குதிரைக்குத்தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆளுக்கொரு தட்டு வைத்து, ஒரே கரண்டியை எல்லோர் வாயிலும் விட்டு ஊட்டியிருக்கிறேன். சாம்பல் குதிரையின் மூக்கிலிருந்து எடுத்த சோதனையும் இரண்டு நாளில் வந்தது. வெளியே தெரியாமல் நோயைச் சுமந்துகொண்டிருந்தது அதுதான். அதை வாளி வாளியாகப் பரிமாறியது நான். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

போனில் சொல்ல மனசு வரவில்லை. ஆறு லாயங்களுக்கும் நேரில் போய், "நோயைப் பரப்பினது நான்தான், அவன் இல்ல," என்று சொன்னேன். ஐந்து பேர் சிரித்துவிட்டு, அவனை வரச் சொன்னார்கள். ஆறாவதுதான் பெரிய லாயம், நாற்பது குதிரை. அதன் முதலாளி சிரிக்கவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னுதான் வேற ஆளை வச்சேன். அவர் நல்லா செய்றார். இப்ப அவரை எப்படிப் போகச் சொல்றது?"

அதையும் சுமந்துகொண்டு மைத்துனன் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் தரையில் உட்கார்ந்து சுத்தியலுக்குப் புதுப் பிடி மாட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன், கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்டேன். கையை உதறவில்லை. நாற்பது குதிரை போன விஷயத்தைச் சொன்னபோது மட்டும் சுத்தியலை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"ஹோஸ் விஷயம் யாருக்கும் நடக்கும் மாமா. அத விடுங்க. அந்த ஆறு பேருக்கும் போன் போடுறதுக்கு முன்னாடி, என் பையை ஒரு தடவை திறந்து பாத்திருக்கலாம்ல?"

பதில் எனக்குத் தெரியும். திறந்து பார்த்திருந்தால் பை சுத்தமாக இருந்திருக்கும். அப்புறம் பழி போட நான் வேறு ஆளைத் தேட வேண்டியிருந்திருக்கும்.