ஆறு மூட்டை மணலும் என் மனைவியின் முதுகும்

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நாலுவழிச் சாலை வந்து, எங்கள் ஷிப்டில் பாதிப் பேர் கையில் செல்போன் முளைத்திருந்த சமயம் அது. மற்றவர்கள் கையில் போன் இருந்தது, என் கையில் வண்டி விளம்பரத் தாள்கள் இருந்தன. மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்த வீட்டில் டிவி மேல், மெத்தைக்கு அடியில், அரிசி டிரம் மூடியில் என்று எங்கு பார்த்தாலும் அவைதான். ஒரே வண்டி, மூன்று மாடல். பேஸ் மாடல், மிடில் மாடல், டாப் மாடல். எதற்கு எத்தனை சீட், எந்த அளவு சக்கரம், பின்னால் என்ன ஸ்ப்ரிங் என்று மூன்று மாதம் மாய்ந்து மாய்ந்து படித்தேன். படிக்கப் படிக்க அலுப்புதான் மிஞ்சியது.

ஆசைக்கு வாங்கிய வண்டி இல்லை அது. என் மனைவிக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகியிருந்தது. பஸ், பைக், ஆட்டோ எதுவும் கூடாது, குலுங்காத வண்டியாக இருந்தால் மட்டும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே சமயத்தில் சிங்காரப்பேட்டையில் அவளுடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போனது. போனில் அவர் பேசினால் ஒன்றும் புரியாது. இந்தப் பக்கம் இவள் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, "ம்ம், சொல்லும்மா, ம்ம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். வைத்த பிறகு சமையலறைக்குப் போய்விடுவாள். எட்டு மாதமாக அம்மாவை அவள் நேரில் பார்க்கவில்லை. நூற்றுப் பத்து கிலோமீட்டர் தூரத்தை அவள் முதுகு தாங்க வேண்டும். நான் வண்டி தேடியது அதற்காக மட்டும்தான்.

இதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. நான் வேலை பார்த்தது ஷாக் அப்சார்பர் செய்யும் தொழிற்சாலையில், அதிலும் டெஸ்டிங் பிரிவில். குலுக்கலை அளப்பதுதான் என் பிழைப்பு. ஊரெல்லாம் சேல்ஸ்மேன் பேச்சைக் கேட்டு ஏமாறலாம், நான் ஏமாறுவேனா என்று நினைத்தேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைச் சோதிக்கும்போது மனிதர்களை ஏற்ற மாட்டோம். அறுபத்தைந்து கிலோ மணலைச் சாக்கில் கட்டி சீட்டில் வைப்போம். அந்த மூட்டைக்கு எங்களிடையே பெயர் 'ஆள்'. "இன்னும் ரெண்டு ஆள் ஏத்துப்பா" என்றால் இரண்டு மூட்டை வரும். எல்லா சீட்டிலும் ஆள் ஏற்றி ஓட்டினால்தான் அது சோதனை. காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதை ஊர் சுற்றுவது என்போம். பதினாலு வருடம் அப்படியே பழகியவன் நான்.

வார விடுமுறை நாள் ஒன்றில் ஆறு மூட்டையைக் கட்டி, குட்டி யானை வண்டி ஒன்றில் போட்டுக்கொண்டு ஷோரூமுக்குப் போய் இறங்கினேன். அங்கிருந்த சேல்ஸ்மேன் அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரர், கன்னடம் வீட்டுமொழி, 'வாங்க' என்பதற்கு 'பன்னி' என்றுதான் வாயில் வரும். மூட்டைகளைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"ஏன் சார் இதெல்லாம்? பேமிலியக் கூட்டிட்டு பன்னி சார். மேடமையே உக்கார வெச்சுக் காட்டலாம்."

"அவங்களுக்கு முதுகு சரியில்லங்க. சும்மா அலைக்கழிக்க வேணாம்."

வீட்டிலும் இதே பேச்சு நடந்திருந்தது. "நானும் ஒரு தடவ உக்காந்து பாக்கட்டுங்களா?" என்று அவள் கேட்டாள். "நீ வேற, உடம்ப அலட்டிக்காத. நான் பாத்துக்கறேன்" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன். அக்கறை என்ற பெயரில் நாம் செய்யும் அடாவடிக்கு ஒரு அளவில்லை.

முதலில் பேஸ் மாடல். ஐந்து சீட், சின்னச் சக்கரம், தடித்த டயர். மூன்று ஆளை ஏற்றி, சேல்ஸ்மேனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தளி ரோட்டில் ஓட்டினேன். பின்பக்கம் அமுங்கி ஒவ்வொரு பள்ளத்திலும் அடித்தட்டு மடார் மடார் என்று இடித்தது. அடுத்தது டாப் மாடல். எட்டு சீட், அத்தனை பேரையும் சுமக்கும்படி பின்னால் கனத்த ஸ்ப்ரிங், பெரிய அலாய் சக்கரம், அதைச் சுற்றி ஒல்லியான டயர். ஆறு ஆளும் ஏறினார்கள். ஒரு சாக்கின் தையல் விட்டுப் புது சீட்டில் மணல் கொட்டியது, சேல்ஸ்மேன் கைக்குட்டையால் தட்டிக்கொண்டே வந்தார். ஆனால் ஓட்டம் கப்பல் போல இருந்தது. அதே பள்ளங்களை உணரவே இல்லை. மிடில் மாடலை நான் தொடவும் இல்லை.

டாப் மாடலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "உங்கம்மா வீட்டுக்கு நீ தூங்கிக்கிட்டே போலாம்" என்றேன். அவள் சிரித்தாள். எட்டு மாதத்தில் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

வண்டி வந்ததும் கிளம்பினோம். நானும் அவளும் மட்டும். எட்டு சீட்டு வண்டியில் இரண்டு பேர், அதிலும் அவள் நாற்பத்தைந்து கிலோ. நடு வரிசையில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். சூளகிரி தாண்டியும் குறையொன்றும் இல்லை. சாலை வழவழவென்று இருந்தது, பழைய பாட்டு போட்டுக்கொண்டோம். கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையை விட்டு ஊத்தங்கரை ரோட்டில் திரும்பியதும் ஆரம்பித்தது. சாலை போட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. எட்டுப் பேரைச் சுமக்கச் செய்த ஸ்ப்ரிங்குக்கு எங்கள் இருவரின் கனம் ஒரு பொருட்டே இல்லை. அது அமுங்கவே மறுத்தது. ஒவ்வொரு பள்ளமும் ஒல்லி டயர் வழியாக நேராக அவள் முதுகுக்கு ஏறியது. முதல் குலுக்கலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. டெஸ்டிங் பிரிவில் பதினாலு வருடம் இருந்தவனுக்கு விளங்காமல் இருக்குமா. ஆளில்லாத வண்டி எப்படி ஓடும் என்று மட்டும் நான் பார்க்கவில்லை.

மத்தூர் அருகே அவள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்றாள்.

"நோவுதா?"

"நீங்க ஓட்டுங்க."

"திரும்பிடலாமா?"

"அம்மாகிட்ட வர்றேன்னு சொல்லியாச்சுங்க. ஓட்டுங்க."

மாட்டு வண்டி வேகத்தில் உருட்டினேன். பின்னால் வந்த கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. ரோடு போட்டவன் மேல் கொஞ்ச நேரம், வண்டி செய்தவன் மேல் கொஞ்ச நேரம். பிறகு என் மேல்தான்.

சிங்காரப்பேட்டை வீட்டு வாசலில் நிறுத்தியபோது அவளால் இறங்க முடியவில்லை. இடது கால் மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. நீட்டினால் உயிர் போகிறது என்றாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வதறியாமல் நின்றேன். உள்ளே கட்டிலில் அவள் அம்மா எழ முடியாமல் கிடந்தார், வாசலில் இவள் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி தூரம் இருக்கும்.

மைத்துனர் பக்கத்து வீட்டு ஆட்கள் மூவரைக் கூப்பிட்டார். நான்கு பேரும் கயிற்றுக் கட்டிலோடு அத்தையைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். வண்டி உயரம். கீழே வைத்த கட்டிலுக்கு இவள் கை எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கப் போனார்கள்.

"உசுரோட இருக்கறவள தோள் ஒசரத்துக்குத் தூக்காதீங்கப்பா" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். ஆட்கள் சட்டென்று இறக்கிவிட்டார்கள். பிறகு எங்கிருந்தோ ஹாலோ பிளாக் கற்களைக் கொண்டுவந்து அடுக்கி, அதன் மேல் கட்டிலை வைத்தார்கள். இவள் சாய்ந்து கையை நீட்டினாள், அம்மாவின் தலைமுடி எட்டியது. அதைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

அத்தை ஏதோ சொன்னார். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. போனில் புரியாதது நேரில் அவளுக்குப் புரிந்தது.

"ஆமாம்மா, பெரிய வண்டிதான். குலுங்கவே இல்ல. தூங்கிக்கிட்டே வந்தேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டயரைப் பார்ப்பது போல வண்டியின் மறுபக்கம் போனேன். மைத்துனர் பின்னாலேயே வந்து அலாய் சக்கரத்தைத் தடவிப் பார்த்து, "டாப் மாடலா மாமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திரும்பி வந்தபோது அத்தை மறுபடியும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். இவள் என்னைப் பார்த்தாள்.

"என்ன கேக்கறாங்க?"

"அடுத்த மாசமும் வருவியான்னு கேக்குது."

அத்தையின் கண்கள் என் பக்கம் திரும்பின. "வர்றோம் அத்த" என்றேன். மனைவியின் கால் இன்னும் நீளவில்லை. சொல்லும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.