ஏழாம் நம்பர் சொன்னது

வீடில்லாத பிள்ளைகள் தங்கும் இடத்தில் சமையல்காரி என்றால், பாதி வேலை அடுப்பில், மீதி வேலை காதில். அடுத்தவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். எங்கள் தீவின் தலைநகரில், டிராங்கெபார் என்கிற பேட்டையில், எங்கள் விடுதியில் பன்னிரண்டு பேர். பெண்கள் முக்கால்வாசி ஸ்வெட்டர் ஃபாக்டரிக்குப் போனார்கள். என்னைத் தாந்தின் என்பார்கள், அத்தை என்கிற மாதிரி. பேச்செல்லாம் கிரியோல்தான், இங்கே தமிழில் சொல்கிறேன்.

திறந்த கதவு

பிரான்சிலிருந்து ஒரு படித்த பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். விடுதி ஆட்களும் பிள்ளைகளும் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். டேப்ரெக்கார்டரை வைத்து ஒவ்வொருவராகக் கேட்டாள். எல்லாரும் என்னைத் தங்கம் என்றார்கள். பக்கத்திலேயே பருப்பு வடை சுட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரே பெருமை. பதினேழு வயசு மர்லேன்தான் சிரித்தாள்.

"அந்தக் கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்க, மத்முவாசெல். வடை வேகும்போது யார் குறை சொல்வாங்க?"

பேர் இல்லாத குரல்

அதற்கப்புறம் கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்டாள். டேப்பில் பேர் கிடையாது, நம்பர் மட்டும். விடுதியில் யாருக்கும் காட்டமாட்டேன் என்று பிள்ளைகளுக்குச் சத்தியமும் செய்தாள். ஆனால் எங்கள் தெருக் கிரியோலின் வேகம் அவளுக்குப் பிடிபடவில்லை. வேறு யாரைக் கேட்பாள், பாவம்? டேப்பைப் போட்டு அர்த்தம் கேட்க என்னிடமே வந்தாள்.

ஏழாம் நம்பர் பேசியது: அம்மாவின் புதுப் புருஷன் இவளை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டான். புதன்கிழமைதோறும் ஃபாக்டரிக்குப் போகாமல், தெற்கே அம்மா இருக்கும் சுரினாம் கிராமத்துக்குப் பஸ் ஏறுகிறாள். பள்ளிக்கூட வாசலில் தங்கச்சியோடு கால் மணி நேரம். தாந்தினிடம் மட்டும் சொல்லக் கூடாது, உதவி செய்யக் கிளம்பிவிடுவாள்.

முதல் மூச்சிலேயே எனக்கு மர்லேன் என்று தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்த ஆராய்ச்சிக்காரி பயந்துபோனாள்.

"சொல்லை மட்டும் கேளுங்கள், யாரென்று யோசிக்காதீர்கள்."

சுரினாமில் தேநீர்

நான் யோசித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்கிக்கொண்டு மர்லேனின் அம்மா வீட்டுக்கே போனேன். அக்காளும் தங்கச்சியும் ரோட்டில் ஒளிந்து பார்ப்பதை விட, வீட்டுக்குள் ஒரு மணி நேரம் உட்காரட்டுமே என்று கெஞ்சினேன். அவள் புருஷன் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். தேநீர் கொடுத்தான். எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கிழமை என்று நிதானமாகக் கேட்டான். நானும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

"நல்லவேளை வந்து சொன்னீங்க, மதாம்."

புதன்கிழமை

அந்தப் புதன்கிழமை மர்லேன் மத்தியானமே திரும்பிவிட்டாள். தங்கச்சியைப் பள்ளிக்கூடம் மாற்றிவிட்டார்களாம். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்காரியிடம் தன் டேப்பைக் கேட்டு வாங்கினாள். அந்தப் பெண் அழுதாள், மர்லேன் அழவில்லை. துணியைப் பையில் திணித்தாள். நான் நல்லதுக்குத்தான் செய்தேன் என்றேன், இரண்டு தடவை சொன்னேன். பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் உன்கிட்ட சொல்லலையே, தாந்தின்."

சோறாக்க யாரும் பழகிக்கொள்ளலாம், காதில் விழுந்ததோடு சும்மா உட்கார்ந்திருக்கத்தான் எங்கள் வேலையில் ஆள் கிடைப்பதில்லை.