மேலகரம் மில்லில் வெந்துபோன விதைநெல்

இசக்கியம்மாளின் விதைநெல்லை மேலகரத்து அரிசி மில் முதலாளி கொன்றார். குற்றாலத்தில் குளிக்கப் போன வழியில் நான் கண்ணால் பார்த்தது இது.

1965 ஆனி. ரசாயனப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். காலை எட்டரைக்குத் தென்காசியில் இறங்கினேன். குற்றாலம் மூன்றரை மைல். பஸ்ஸுக்குப் பதினைந்து காசுதான். ஆனால் சீசன் கூட்டம் படியில் தொங்கியது. நடந்தேன். மேலகரத்தில் சாரல் வலுக்கவே மில் கொட்டகையில் ஒதுங்கினேன்.

அங்கே இசக்கியம்மாள் என்ற குத்தகைக்காரி ஈரச் சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். ஊறவைத்து, முளைகட்ட மூடி மூட்டம் போட்டு மூன்று நாள் ஆன விதைநெல். ஒரு முளைகூட இல்லை, புளித்த வாடைதான். போன புரட்டாசி அறுவடையில் மழை விடவில்லை. களத்தில் காயப்போட வழியில்லாமல் இந்த மில்லின் புது சூடுகாற்று மிஷினில் உலர்த்தியிருக்கிறார். ஆடிக்குள் நாற்று நிற்காவிட்டால் வயல் வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஊறவைக்காமல் மீந்து அவர் மடியில் கொண்டுவந்திருந்த காய்ந்த நெல்லில் ஒன்றை எடுத்து மில் முதலாளி கடித்தார்.

“கடக்குன்னு ஒடையுது பாரு. இதுக்கு மேல எப்படிட்டி காயும்?”

“காஞ்சுட்டு அண்ணாச்சி. முளைக்கணும்லா?”

“உன் கைராசி அப்படி.”

“ஒங்க மிஷினுக்குள்ள போய்ட்டு வந்தது நெல்லு. என் கை இல்ல.”

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அந்த மிஷினுக்கு அடுப்பு எரிக்கிறவரிடம் சூட்டை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டேன்.

“கைய வைப்போம் சார். சுட்டா சரி.”

“சோற்று நெல்லுக்கும் விதைநெல்லுக்கும் ஒரே சூடா?”

“நெல்லு நெல்லுதான சார்.”

ஆத்திரமாக வந்தது. அவித்த முட்டை குஞ்சு பொரிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். நெல்லின் கருவிலும் அதே ஜாதிப் புரதம்தான் இருக்கிறது. சூடு மிஞ்சினால் உறைந்து செத்துவிடும். வெளியே உமி பொன்னாகத்தான் மின்னும். சமைக்கிற அரிசிக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை, எப்படியும் வேகப்போவதுதான். விதைக்கு அந்தக் கருதான் உயிர். மிஷினுக்கு மாலை போட்டுத் திறந்தவர்களுக்கு ஒரு வெப்பமானி மாட்டத் தோன்றவில்லை.

சாரல் குறைந்ததும் குற்றாலம் போய் அருவியில் குளித்தேன். தண்ணீர் அருமை, இல்லையென்று சொல்ல மாட்டேன். போகிறவர்கள் ஏழு மணிக்கு முன்பே போங்கள். வயல் உள்ளவர்களுக்கு இன்னொன்று: மிஷினில் காய்ந்த நெல்லைக் கடித்துப் பார்த்து நம்பாதீர்கள். நூறு மணியை ஈரத்துணியில் கட்டி முளைக்கிறதா என்று பாருங்கள். விதைக்கிற நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

மாலை ஐந்தரைக்குத் திரும்பி வந்தபோது இசக்கியம்மாள் மில் வாசலை மறித்து அந்தச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். முதலாளி உள்ளே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

“பொழைச்ச நெல்லு ஆறு மரக்கா குடுங்க அண்ணாச்சி. நான் எந்திரிச்சுப் போயிருதேன்.”

நானும் உள்ளே பார்த்துக் கேட்டேன்: “எப்போது கொடுப்பீர்கள்?”