மாமா கழற்றாத கண்ணாடி

கண்ணைக் காட்டப் போன இடத்தில் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டி டவுனில் ஒரு கண் கிளினிக், போன மழைக்காலம். இரண்டு நாளாகத் தொண்டை நோவும் காய்ச்சலும். மூன்றாம் நாள் காலையில் எழும்பினால் வலது கண் பீளை கட்டி ஒட்டிக்கிடந்தது. மறுநாள் இடது கண்ணும் செத்தல் மிளகாய் நிறத்துக்கு வந்துவிட்டது.

"அம்மா, கண்ணத் தொறங்க. மூடிக்கிட்டு இருந்தா எப்படிப் பாக்குறது?" என்றாள் நேர்ஸ் மிஸ். சின்னப் பெண்.

"வேணாம் மிஸ். நான் பாத்தா ஒங்களுக்கும் ஒட்டிக்கிரும்."

அவள் சிரித்துவிட்டாள். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள் நான். திறந்த ஒரு தடவையும் இப்படி ஆனது. கூச்சத்தில் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

டொக்டர் தொண்டையைப் பார்த்தார். காதுக்கு முன்னால் விரலால் அமுக்கினார்; அங்கே கடலை அளவில் ஒரு கட்டி நொந்தது. அடினோவைரஸாக இருக்கும் என்றார். அந்தப் பெயரை நான் வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். பிறகு நேர்ஸ் மிஸ் என்னைப் பக்கத்தில் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

"இது பார்வையில வராதும்மா. கையில வரும். நீங்க கண்ணக் கசக்குறீங்க. அதே கையால கதவத் தொடுறீங்க, துவாயத் தொடுறீங்க. அதத் தொட்ட இன்னொருத்தர் தன்னோட கண்ணத் தொடுவாரு. இருமுனாலும் தும்முனாலும் பரவும். பாக்குறதால ஒன்னுமே ஆகாது."

"எவ்வளவு நேரம் பாத்தாலும்?"

"விடிய விடியப் பாத்தாலும்."

நான் கண்ணைத் திறந்தேன். அவள் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். கையைச் சவுக்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். துடைக்கும் துவாய், தலையணை உறை எல்லாம் எனக்கென்று தனியாக. இந்தக் கிருமி தொட்ட இடத்தில் நாள் கணக்கில் கிடக்குமாம். இதைக் கொல்ல மருந்து கிடையாது, அதுவாகத்தான் ஆறும். பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பட்டுக் கண் கூசினாலோ மட்டும் உடனே ஓடிவர வேண்டும். கடைசியாக ஒன்று கேட்டாள்.

"வீட்டுல கைக்கொழந்த இருக்கா? ரெண்டு கிழமைக்குத் தொடக் கூடாது. சின்னதுகளுக்கு வந்தா கஷ்டம்."

"இருந்திச்சு மிஸ்" என்றேன். "இப்ப அவன் பென்சன் எடுக்குறான்."

அவளுக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? நான் சொன்னது என் தம்பியை.

தம்பி பிறந்தபோது எனக்கு எட்டு வயது. கலஹாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒரே அறை. அதற்குள்ளேயே குறுக்கே ஒரு சேலையைக் கட்டி, அதற்கு அந்தப் பக்கம் அம்மாவும் பாப்பாவும். பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக அப்பாவின் அக்கா, என் அத்தை, புசல்லாவையிலிருந்து வந்திருந்தாள். அந்தச் சமயம் பார்த்து லயத்தில் கண்வலி வந்தது. முதலில் கடைசிக் காம்பராப் பிள்ளைகளுக்கு. நாங்கள் எல்லோரும் பீலியில் ஒன்றாகத்தான் குளிப்போம். மலைத்தண்ணீர் குழாய் வழியே கொட்டும் இடம் அது. எல்லோருக்கும் ஒரே சவுக்காரத் துண்டு, ஒரே துவாய். பாப்பா பிறந்த மூன்றாம் நாள் என் கண்ணும் சிவந்தது.

அத்தை என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஏ குட்டி, பாப்பாவப் பாத்துறாத. ஒன்னோட பார்வ பட்டா அதுக்கும் ஒட்டிக்கிரும். மூடு கண்ண!"

கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு பழைய சேலைத் துண்டைக் கொடுத்தாள். சாப்பாடு வாசலுக்கு வந்தது. படுக்கை பக்கத்துக் காம்பராவில்.

எனக்குத் தம்பியைப் பார்க்க ஆசைதான். அதைவிட, பார்வையில் நோய் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. அது நெருப்புப் பொறி மாதிரிப் பறக்குமா? வழியில் ஆள் வந்தால் மோதி நிற்குமா? சோதித்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதலில் பக்கத்துக் காம்பரா ஆட்டைப் பிடித்து நிறுத்தி, அதன் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தேன். ஆடு என் சேலைத் துண்டைத் தின்னப் பார்த்ததே தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியில் என்னையே பார்த்தேன். நோய் திரும்பி வந்து இரண்டு மடங்காகும் என்று பயந்தேன், ஆகவில்லை. கடைசியாகக் கங்காணி மகள். என்னை எப்போதும் 'ஊமைக் குட்டி' என்று கூப்பிடுபவள். அவள் பள்ளிக்கூடம் போகும் பாதையில் ஒரு தேயிலைச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்து, மூன்று நாள் காலையிலும் மாலையிலும் அவளை இமைக்காமல் பார்த்தேன். அவள் கண் வெள்ளை வெளேரென்றே இருந்தது.

இவ்வளவும் கையில் இருந்தும் எனக்குப் புத்தி வேறு பக்கம் போனது. ஆடு மிருகம், அதற்கு ஒட்டாது. கங்காணி மகள் இடுப்பில் தாயத்துக் கட்டியிருக்கிறாள், அவளுக்கும் ஒட்டாது. இப்படி முடிவு கட்டிவிட்டேன்.

பாப்பா பிறந்த ஏழாம் நாள் பகல். அத்தை துணி துவைக்கப் பீலிக்குப் போயிருந்தாள். அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாப்பா மட்டும் சிணுங்கியது. பார்க்கத்தானே கூடாது என்று எனக்குத் தோன்றியது. கையிலிருந்த சேலைத் துண்டை இரண்டு சுற்றாகச் சுற்றிக் கண்ணை இறுக்கிக் கட்டினேன். இமைக்குள் வெளிச்சம் கொஞ்சமும் வரவில்லை என்று தலையை வாசல் பக்கம் திருப்பிச் சரிபார்த்தேன். அவ்வளவு நேர்மை. சுவரைத் தடவிக்கொண்டே சேலைக்கு அந்தப் பக்கம் போனேன்.

முதலில் கால் அகப்பட்டது. என் சுண்டு விரல் நீளத்தில் ஒரு பாதம். வயிறு சூடாக ஏறி இறங்கியது. தலையில் முடி ஈரப் பஞ்சு மாதிரி. கன்னம், மூக்கு, மூடிய இமை எல்லாவற்றையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். அவன் என் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்ச் சப்பினான். இன்னொரு கை, என் கண்கட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த துணி முனையைப் பிடித்துக்கொண்டது. அதை மெதுவாக விடுவித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு என்னைப் போல ஒரு கெட்டிக்காரி அந்தத் தோட்டத்தில் இல்லை என்று நினைப்பு.

அன்று பின்னேர பஸ்ஸில் கம்பளையிலிருந்து மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி, புடவைக் கடையில் வேலை. ஒரு மாதத்துக்கு முந்தி அவருக்கும் கண்வலி வந்து சுகமாகியிருந்தது. அப்போது வாங்கிய கறுப்புக் கண்ணாடியை மட்டும் அவர் விடவில்லை. சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டே வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"என்னாடி மருமகளே, வெத்தலய வாயில போடாம கண்ணுல போட்டுக்கிட்டியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே போய்ச் சேலையை விலக்கிக் குனிந்தார். "இதென்னாக்கா, புள்ள கருங்காலிக் கட்ட மாதிரி இருக்கான்?" என்றார். "கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருடா கோமாளி" என்று அம்மா சிரித்தாள். அவர் கழற்றினார். வெகுநேரம் பார்த்தார். பாப்பாவைத் தொடவே இல்லை. கடைக்குப் போட்ட சட்டை, அழுக்கு என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆறு நாள் கழித்து பாப்பாவின் கண் திறக்கவில்லை. இரண்டு இமையும் வீங்கி, பீளை கட்டி, உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பால் குடிக்க மாட்டேன் என்றது. அம்மா அழுத அழுகையில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது. அத்தை என்னைப் பிடித்து இழுத்து வந்து சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"நீ பாத்தியா? உண்மயச் சொல்லு."

"பாக்கல."

"சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணு!"

தட்டில் சூடம் எரிந்தது. நான் பயப்படவே இல்லை. பொய் சொல்கிறவர்கள்தானே பயப்பட வேண்டும்? உள்ளங்கையை ஓங்கி வைத்து அணைத்தேன். மாரியாத்தா அறிய நான் பார்க்கவில்லை. பிறகு ஊமைக் குட்டியான நான், கூடி நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்காமலே வாயைத் திறந்தேன்.

"மாமாதான் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு."

 அம்மா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

அப்பா பாப்பாவைக் கம்பளிக்குள் பொதிந்துகொண்டு ரோட்டுக்கு இறங்கினார், அம்மா பின்னால். ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை. மூச்சு இரைத்ததாகவும், ஒரு நாள் டொக்டரே கட்டிலை விட்டு நகரவில்லை என்றும் அம்மா பிறகு சொல்லுவாள். விஷயம் கேள்விப்பட்டு மாமா ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். வராந்தாவிலேயே அப்பா மறித்து, "இனிமே என் வாசலுக்கு வந்தா அந்தக் கண்ணாடியோட வா. கழட்டுன, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாராம். பாப்பா பிழைத்து வந்தது. கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்பா அந்தப் பேச்சை ஒரு மாதத்தில் மறந்துவிட்டார். மாமாதான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் அந்தக் கண்ணாடி. அடைமழை இருட்டிலும், குப்பி விளக்கு வெளிச்சத்திலும். ஒரு தடவை பீன்ஸ் என்று நினைத்துப் பச்சைமிளகாயை எடுத்துக் கடித்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் கண்ணாடிக்குக் கீழே வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தம்பி நடக்கத் தொடங்கிய காலத்தில் மாமா மடியில் ஏறிக் கண்ணாடியை இழுப்பான். அவர் அந்தச் சின்னக் கையை மெதுவாகப் பிடித்துக்கொள்ளுவார்.

"வேணாம்டா மருமகனே. மாமா கண்ணு பொல்லாத கண்ணு."

என் கலியாணப் படத்திலும் அவர் கறுப்புக் கண்ணாடியோடுதான் நிற்கிறார். அதே நினைப்போடு போய்ச் சேர்ந்தும் விட்டார்.

கிளினிக்கிலிருந்து வந்து, சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத் தம்பிக்கு ஃபோன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அவனிடம் பேசியதே இல்லை.

"அப்ப நீதானா அக்கா?" என்றான். சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான். "மாமாவ நான் கண்ணாடி இல்லாம ஒரு நாளும் பாத்ததில்லையே."

 அவனிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

சூடத்தை அணைத்த என் உள்ளங்கையில் கரி ஒட்டியிருந்தது. அப்பாவும் அம்மாவும் பாதையில் மறைந்த பிறகு, அத்தை என்னைக் கூப்பிட்டு, என் கையிலிருந்த அதே சேலைத் துண்டால் அந்தக் கரியைத் துடைத்தாள். "பொய் சொல்லாத கை" என்று சொல்லி, அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கிழமை அத்தைக்கும் கண் சிவந்தது. அதற்கும் மாமாவின் பார்வைதான் காரணம் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினேன்.