முழங்காலா, வயிறா?

வலி மாத்திரை விற்கிறவருக்கு வாடிக்கையாளர் கைவிட்டுப் போவதே இல்லை. வலி திரும்பி வந்தாலும் எங்களிடம்தான் வருவார், மாத்திரை புதிதாக ஒரு வியாதியைக் கொடுத்தாலும் எங்களிடம்தான் வருவார். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் சக வலியாளர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். பாறசாலையிலிருந்து பஸ் பிடித்து வந்து, திருவனந்தபுரம் வலியசாலைக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஸ்டோரில் பார்மசிஸ்டாக நான் நின்ற வருடங்களின் கதைகள் இவை. நின்ற என்பதை நிஜமாகவே எடுத்துக்கொள்ளலாம். கடையில் இருந்தது ஒரே ஸ்டூல், அதில் முதலாளி இருந்தார்.

எது தேவலை?

கோமதி மாமி அக்ரஹாரத்தில் கைமுறுக்கு சுற்றிக் கொடுப்பவர். கல்யாண சீசன் என்றால் காலையிலிருந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. மாமாவுக்குக் கோவில் வேலை. அதில் மரியாதைக்குக் குறைவில்லை, மற்றதற்கெல்லாம் குறைவு. மாமி உட்கார்ந்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

டாக்டர் டைக்ளோஃபினாக் எழுதியிருந்தார். "இதைவிட நல்லதா ஒண்ணும் இல்லையோ?" என்று மாமி புடவைக் கடையில் கேட்பதுபோல் கேட்டார். நானும் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டேன். டைக்ளோஃபினாக்குக்கு வலி நன்றாகக் கேட்கும், வயிறு புண்ணாகும். ஐபுப்ரோஃபன் கொஞ்சம் சாது, நாள்பட்டால் அதுவும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஒரு கை பார்க்கும். டிரமடால் வயிற்றைப் புண்ணாக்காது, தலையைச் சுற்ற வைக்கும், மலத்தைக் கட்டும். பாராசிட்டமால் பரம சாது. தேய்ந்த முழங்கால் அதை மதிக்காது, அளவு மீறினால் ஈரல் போகும். மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்கு வலியே தேவலையேடி குட்டி. சரி, டாக்டர் எழுதினதையே பத்து குடு."

கரையில் ஆடிய கடல்

விழிஞ்ஞத்திலிருந்து ஒரு மீன்பிடிக்காரர். வலை இழுத்து இழுத்து முதுகு போய், டவுனில் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு டிரமடால் சீட்டோடு வந்தார். தலை சுற்றும், வாந்தி வரலாம் என்று சொன்னேன். கடல்காரனிடம் வாந்தியைப் பற்றிப் பேசுகிறாளே என்று என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த வாரம் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு வலி போயிருந்தது, கூடவே பாதி ஆளும் போயிருந்தார். "இத்தன வருஷமா கடல்ல எனக்கு ஒரு ஓங்கரிப்பு வந்ததில்ல சேச்சி. இப்போ கட்டில்ல கெடந்தா கட்டில் ஆடுது."

பளபளக்கும் வயிறு

கரமனைக்காரர் ஒருவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. கழுத்தில் டை, கையில் வழவழப்பான ஒரு படம். படத்தில் ஒரு வயிறு, புதிதாகத் தேய்த்த பித்தளைச் சொம்பு மாதிரி மின்னியது. புது மாத்திரை வந்திருக்கிறது, வலியைக் கொல்லும், வயிற்றை ஒன்றும் செய்யாது என்றார். கோமதி மாமிக்கு அதற்குள் வயிறு எரிய ஆரம்பித்திருந்தது, டாக்டரும் அந்த மாத்திரைக்கு மாற்றினார். மாமி நிம்மதியாக உட்கார்ந்து முறுக்கு சுற்றினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் அந்த மாத்திரை இதயத்துக்கு ஆகாது என்று சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மாமி பழைய டைக்ளோஃபினாக்குக்கே திரும்பினார். வயிற்றுக்குக் காவலாக டாக்டர் ஒமிப்ரசோல் கேப்சூலும் சேர்த்து எழுதினார். பிரதிநிதி அடுத்த மாதம் வேறொரு படத்தோடு வந்தபோது பிடித்துக்கொண்டேன். மனிதர் டையைக்கூட அசைக்கவில்லை. "வயத்தை ஒண்ணும் செய்யாதுன்னுதானே சொன்னேன் சேச்சி? ஹார்ட்டைப் பத்தி நான் வாயே தொறக்கலையே."

அம்மியில் அரைத்த காவல்

சில மாதம் கழித்து மாமி வந்தார். முகம் வெளுத்து உதடு காய்ந்திருந்தது. தலை சுற்றுகிறதாம், ஏதாவது டானிக் வேண்டுமாம். மலம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். முதலாளிக்குக் கேட்காமல் என் பக்கம் குனிந்து, கறுப்பாகத் தார் மாதிரி என்றார். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். 

"மாமி, கேப்சூல் தினமும் எடுக்கியளா?"

ஒருநாள் தவறியதில்லையாம். ஆனால் கோவிலில் பிரதட்சிணம் செய்யும்போது சாரதா மாமி சொல்லியிருக்கிறார், கேப்சூலின் கூட்டை மாட்டு எலும்பிலிருந்து செய்கிறார்கள் என்று. அது உண்மைதான், சாரதா மாமியைக் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து கோமதி மாமி கூட்டை உரித்துத் தூர எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் மணிகளை அம்மியில் நுணுக்கி மோரில் கலந்து குடித்து வந்திருக்கிறார். அந்த மணி ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பூச்சு உண்டு. வயிற்று அமிலம் மருந்தை அழித்துவிடாமல் இருக்கத்தான் அது. நுணுக்கினால் பூச்சு போயிற்று, அமிலம் மருந்தை அங்கேயே தின்றுவிடும். மாமி இத்தனை நாள் குடித்தது வெறும் மோர்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு முறுக்கு பாக்கி இருக்கிறதாம். ஆட்டோவைக் கூப்பிட்டு, மாமியைக் கையைப் பிடித்து ஏற்றி, நானும் ஏறினேன். வழியெல்லாம் ஒரே சண்டை. "உசிரு போனா நாலு பேர் அழுவா, அத்தோட போச்சு. முறுக்கு போகலைன்னா கல்யாணாத்துல என்னைத் தலைமுறைக்கும் சொல்லிண்டிருப்பா."

கேட்காத கேள்வி

இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தப் போக்கு. இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் மாமாவைத் திட்டினார். மாமா பாவம், அம்மி சத்தம் சட்னிக்கு என்று நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேரே வார்டுக்குப் போனேன். மாமி கண் விழித்துப் படுத்திருந்தார். தலைக்கு மேல் ரத்தப் பை தொங்கியது, யாரோ கொடுத்த ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி டைக்ளோஃபினாக் கிடையாது, பாராசிட்டமாலும் பெஞ்சில் உட்கார்ந்து செய்கிற வேலையும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

நான் அந்தப் பையைப் பார்ப்பதை மாமி பார்த்தார். "கூடு எதுல பண்றான்னு கேட்டுண்டு நடந்தவதான் நான். இது யாரோடதுன்னு கேக்கலை. நீயும் விசாரிச்சுண்டு வந்து சொல்லாதே, கேட்டயா."

எந்த மாத்திரைக்கு என்ன பக்க விளைவு என்று நாள் முழுக்கக் குடைகிறவர்கள்கூட, உயிரைத் திருப்பித் தருகிற மருந்திடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்பதுதான் அந்தக் கவுண்டரில் கால் கடுக்க நின்று நான் படித்த பார்மசி.