சோடியாக வந்த வெள்ளைக் கீரி

அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில், கீரி போலிருக்கும் வெள்ளை மிங்க் ஒன்றைக் கண்டேன். உரோமத்துக்காக வளர்த்த பண்ணையிலிருந்து தப்பியதாகத்தான் இருக்கும். இந்த வருடம் ஓடையில் ஒரு தாராக்குஞ்சும், ஒரு வாத்துக்குஞ்சுகூட மிஞ்சாத காரணம் அப்போதே விளங்கிவிட்டது. வனவிலங்கு அதிகாரிகளுக்கு அனுப்பலாம் என்று படம் எடுத்தேன்.

பாலத்தில் ஓர் அன்ரி நின்றார். ஒட்ட வெட்டிய நரைமுடி, அளவு பொருந்தாத ஆண்பிள்ளைக் கோட். வேலைக்குப் போகுமுன் தினமும் அங்கே நிற்பவர்.

"கீரியில முழிச்சால் நாள் நல்லாப் போகும், பிள்ளை."

"உது கீரி இல்லை அன்ரி, மிங்க்."

"பண்ணையிலயும் அப்பிடித்தான் சொன்னவை. நான் அங்க கூடு கழுவினனான். கீரியைத் தோலுரிக்கிறதோ? பாவமெல்லே! கோட்டுக்குள்ள வைச்சுக் கொண்டுவந்திட்டன்."

"கடிக்கேல்லையோ?"

கிழிந்து ஆறிய பெருவிரலைச் சிரித்தபடி காட்டினார்.

"தனிய விட்டால் பாவம் எண்டு சோடியாத்தான் கொண்டுவந்தனான்."

சோடியா! குட்டி போட்டால் இந்த ஓடை என்னாவது?

"நீ அறிவிச்சால் சுட்டுப்போடுவாங்களோ?" என்றார், என் கையிலிருந்த போனைப் பார்த்து, சிரிப்பில்லாமல்.

கீரியின் தனிமையை நினைத்தவருக்குத் தாராக்களின் நினைவு ஏன் வரவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. படத்தை அனுப்பவில்லை. நாளைக்கு விலங்கு மீட்பு நிலையத்துக்குப் போய், இரண்டையும் உயிரோடு பிடித்து வைத்திருப்பார்களா என்று கேட்டுப் பார்க்கப்போகிறேன்.